ஒரே தண்டவாளத்தில் மூன்று வீடுகள்

செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென்னாற்காடு ஜில்லாக்களின் கிராமங்களில், பட்டணம் போய்த் திரும்பியவரிடம் திண்ணையில் கேட்கப்பட்ட கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பீச்சுக்குப் போனாயா, லைட் ஹவுஸ் பார்த்தாயா, பதினாலு மாடி எல்.ஐ.சி.யை அண்ணாந்து பார்த்தாயா, மூர் மார்க்கெட்டில் என்ன வாங்கினாய். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி வரும்: உயிர் காலேஜும் செத்த காலேஜும் பார்த்தாயா? இல்லை என்று தலையாட்டினால் அவர் பட்டணம் பார்த்ததாகவே யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

செத்த காலேஜ் என்பது எழும்பூர் அருங்காட்சியகம். உயிர் காலேஜ் மிருகக்காட்சி சாலை. 1851-இல் அருங்காட்சியகம் தொடங்கியபோது, நுங்கம்பாக்கத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நடந்த கட்டடத்தில்தான் அதற்கு இடம் கிடைத்தது. அந்தத் தெரு இன்றும் கல்லூரிச் சாலைதான். 1854 கடைசியில் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு மாறிய பிறகும் ஜனங்கள் வாயில் அது காலேஜாகவே இருந்தது. பாடம் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்திய விலங்குகள் ஒரு பக்கம், மூச்சு விடுகிற விலங்குகள் ஒரு பக்கம் என்றானதும் பெயர் இரண்டாகப் பிரிந்தது.

செத்த காலேஜ் 1854-இல் போய் நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறது. உயிர் காலேஜ் நிற்கவில்லை. எழும்பூரில் பிறந்தது; சென்ட்ரல் பக்கம் 120 வருஷத்துக்கு மேல் குடியிருந்தது; பிறகு ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வண்டலூருக்கு வந்து சேர்ந்தது. நான் இதன் மதில் சுவரிலிருந்து அதிக தூரமில்லாத தெருவில் குடியிருப்பவன். ஒரு நகரம் தன் விலங்குகளை எங்கே வைத்தது, ஏன் எடுத்தது, எங்கே கொண்டுபோய் விட்டது என்று பின்தொடர்ந்து போனால், அந்த நகரம் தன் மண்ணை எப்படிச் செலவழித்தது என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. எனக்கு இந்தக் கதையில் அதுதான் முக்கியம்.

எட்வர்ட் கிரீன் பால்ஃபர் ஸ்காட்லாந்துக்காரர்; கம்பெனியின் சென்னை ராணுவத்தில் மருத்துவர். அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் அவர்தான். அதற்கு முன்பே சேப்பாக்கத்தில், கர்நாடக நவாப் குடும்பத்துக்கு அரசு தரும் ஓய்வூதியங்களைக் கவனிக்கும் வேலையில் இருந்தார். 1850-இல் திருவல்லிக்கேணிப் பக்கம் முகமதியர் பொது நூலகம் தோன்றக் காரணமாக இருந்தவரும் அவரே. பின்னாளில் இந்தியாவைப் பற்றிய பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றைத் தனியாளாகத் தொகுத்து 1857-இல் வெளியிட்டார். எதையும் சேகரித்து, வகைப்படுத்தி, நாலு பேர் பார்க்கும்படி வைத்துவிட வேண்டும் என்ற துடிப்புள்ள மனிதர் என்று தெரிகிறது.

அவரிடம் இருந்தவை பாறைத் துண்டுகளும் சிப்பிகளும் தாது மாதிரிகளும். படித்தவர்கள் வந்து பார்த்தார்கள். உயிருள்ள விலங்கு ஒன்று வாசலில் இருந்தால் படிக்காதவர்களும் வருவார்கள் என்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். நவாபின் அரண்மனையில் விலங்குகள் இருந்தன. நவாபுக்கும் பால்ஃபருக்கும் ஏற்கெனவே பழக்கம் இருந்தது. கேட்டார், நவாப் தம் விலங்குகள் அனைத்தையும் கொடுத்தார். 1855-இல் பாந்தியன் வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை திறக்கப்பட்டது. அடுத்த வருஷத்துக்குள் பாலூட்டி, பறவை, ஊர்வன எல்லாம் சேர்த்து 300-க்கும் மேற்பட்ட உயிர்கள் அங்கே இருந்தன. இந்தியாவில் பொதுமக்களுக்காகத் திறந்த முதல் மிருகக்காட்சி சாலை இதுவே. திருவனந்தபுரத்துக்கும் கல்கத்தா அலிப்பூருக்கும் முந்தியது.

பாந்தியன் என்பது அதற்கு முந்தைய நூற்றாண்டில் கம்பெனி அதிகாரிகள் கூடி நடனமும் நாடகமும் நடத்திய மாளிகை. அந்த வளாகத்தில் முந்நூறு விலங்குகள் என்றால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். இரை வேண்டும், தண்ணீர் வேண்டும், சாணம் அள்ள ஆள் வேண்டும். கட்டடத்துக்குள் கல்வெட்டுகளையும் அமராவதிச் சிற்பங்களையும் வைத்துக்கொண்டு, வெளியே காட்டு விலங்குகளுக்கும் சோறு போட அருங்காட்சியகத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. 1863-இல் விலங்குகள் சென்னை நகராட்சியின் பொறுப்புக்குப் போயின. உயிர் காலேஜின் முதல் பயணம் தொடங்கியது. தூரம் என்று பார்த்தால் ரொம்பக் குறைவு. எழும்பூரிலிருந்து கூவத்தின் ஓரமாக நடந்தே போய்விடலாம்.

போன இடம் பீப்பிள்ஸ் பார்க். 1859-இல் சென்னைக்கு கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யனின் யோசனை அது. சேறும் மேடுமாகக் கிடந்த நிலத்தைத் திருத்தி, 116 ஏக்கரில் மக்களுக்கென்று ஒரு பூங்கா. குளங்கள் வெட்டினார்கள், வண்டிகள் போகப் பாதை போட்டார்கள், பாண்டு வாசிக்க மேடை கட்டினார்கள். அதன் ஒரு முனையில் விலங்குகளுக்கு இடம் கொடுத்தார்கள். பார்க்கக் கட்டணம் கிடையாது. சென்னையின் உழைக்கும் ஜனங்கள் எந்தச் சீட்டும் வாங்காமல் சிங்கத்தைப் பார்க்க முடிந்த இடம் அது. இது சாதாரண விஷயமில்லை. லண்டன் மிருகக்காட்சி சாலையே 1828-இல் தொடங்கி, 1847 வரை சங்க உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய சிபாரிசு பெற்றவர்களுக்கும் மட்டும் என்றுதான் நடந்தது.

பத்து வருஷம் கழித்து, 1873-இல், பூங்காவின் பக்கத்திலேயே சென்ட்ரல் ஸ்டேஷன் எழுந்தது. வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் ரயிலில் வந்து இறங்குபவர்கள் பட்டணத்தில் முதலில் பார்த்ததே உயிர் காலேஜாகத்தான் இருக்கும். மூட்டை முடிச்சோடு வந்து இறங்கி, சத்திரத்தில் சாமான்களை வைத்துவிட்டு, பொழுது போகுமுன் சிங்கத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் கடற்கரை, அதற்கடுத்த நாள் எழும்பூர் என்று பட்டணம் பார்க்கும் முறை உருவானது. 1900-இல் சிவப்புக் கட்டடமாக மூர் மார்க்கெட் திறந்தது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, பொம்மை, மணிபர்ஸ், கூண்டுப் பறவை எல்லாம் அங்கே கிடைத்தன. பீச் - தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையில் பூங்காவுக்கு எதிரே இருந்த ஸ்டேஷனின் பெயர் பார்க். இன்றும் அதே பெயர்தான்.

ஆனால் பூங்கா தேய்ந்துகொண்டே வந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சென்னையின் அழகான கட்டடங்கள் என்று நாம் பெருமையோடு காட்டும் பல, அந்த 116 ஏக்கரிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து எழுப்பியவை. விக்டோரியா பப்ளிக் ஹால் பூங்கா நிலம். மூர் மார்க்கெட் பூங்கா நிலம். 1913-இல் திறந்த வெள்ளை மாளிகை ரிப்பன் கட்டடம் பூங்கா நிலம். நேரு ஸ்டேடியம் நிற்பதும் பூங்கா நிலம்தான். ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. ஒவ்வொன்றும் நகரத்துக்குத் தேவைதான். நிலம் தேவைப்படும்போதெல்லாம் மரமும் புல்லும் இருந்த இடம் மட்டும் ஏன் காலியிடமாகக் கண்ணுக்குப் பட்டது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கடைசியில் விலங்குகளைச் சுற்றி ரயில் புகையும் பஸ் ஹாரனும் மார்க்கெட் சத்தமும் மட்டும் மிஞ்சின.

அதற்கு முன்னால் ஒரு கொடுமை நடந்தது. 1942 ஏப்ரல். ஜப்பானியப் படை வங்காள விரிகுடாவுக்குள் வந்துவிட்டது. ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது, 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நம்பினார்கள். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. ஜனங்கள் பூட்டிய வீட்டை விட்டுவிட்டு, கிடைத்த வண்டியில் கிராமத்துக்குப் போனார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் மிருகக்காட்சி சாலையில் குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால், சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடும் என்று அதிகாரிகள் பயந்தார்கள். மலபார் போலீஸ்காரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி எல்லாம் கூண்டுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டன.

அவர்கள் பயந்த குண்டு மட்டும் அந்தக் கூண்டுகள் மேல் விழவே இல்லை. லண்டனில் 1939-இல் போர் மூண்டபோது பாண்டாவையும் யானைகளையும் நகரத்துக்கு வெளியே இருந்த விப்ஸ்நேடுக்கு அனுப்பி வைத்தார்கள்; விஷப் பாம்புகளைத்தான் கொன்றார்கள். லண்டனுக்கு அனுப்ப ஓர் இடம் இருந்தது. சென்னைக்கு இல்லை. ஊருக்கு வெளியே காட்டோடு சேர்ந்த இன்னொரு இடம் அன்றே இருந்திருந்தால் அந்த விலங்குகளில் சிலவாவது பிழைத்திருக்கும். இதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

போர் முடிந்ததும் கூண்டுகள் மெல்ல நிரம்பின. கூட்டமும் வந்தது. 1950-களிலும் 60-களிலும் பள்ளிச் சுற்றுலா என்றால் உயிர் காலேஜ்தான். சிறு பையன்களாக அங்கே போனவர்கள் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களைக் கேட்டுப் பார்த்தால் முதலில் சொல்வது நெடியைப் பற்றி. அடுத்தது கம்பிகள். கம்பிக்குப் பின்னால் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓயாமல் நடந்துகொண்டிருந்த புலி. விலங்கு மருத்துவர்கள் இன்று அதை மன உளைச்சலின் அடையாளம் என்கிறார்கள். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கை; அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

1970-களின் நடுவில் இனி இங்கே முடியாது என்பது உறுதியாகிவிட்டது. விரிக்க இடமில்லை, சத்தம் தாங்கவில்லை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, விலங்குகளை நாடு பார்க்கும் பார்வையும் மாறத் தொடங்கியிருந்தது. 1976-இல் தமிழக வனத்துறை வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கரை ஒதுக்கியது. பீப்பிள்ஸ் பார்க் முழுவதையும் போல ஏறக்குறைய பதினோரு மடங்கு. அந்தப் பார்க்கின் ஒரு மூலையில் மட்டும் ஒடுங்கியிருந்த விலங்குகளுக்கு இவ்வளவு நிலம். 1979-இல் வேலை தொடங்கியது. ஆரம்பச் செலவு ஏழரைக் கோடி ரூபாய்.

இங்கே கட்டப்பட்டது வேறு வகையான வீடு. ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கத்தில் கார்ல் ஹாகென்பெக் என்ற விலங்கு வியாபாரி 1907-இல் கம்பிகளே இல்லாத மிருகக்காட்சி சாலை ஒன்றைத் திறந்தார். விலங்குக்கும் மனிதனுக்கும் நடுவில் ஆழமான அகழி. அந்தப் பக்கம் மண், மரம், பாறை. எவ்வளவு தூரம் ஒரு சிங்கம் தாண்டும், எவ்வளவு உயரம் ஒரு புலி குதிக்கும் என்று அளந்து, அதற்குமேல் ஒரு பங்கு கூட்டிப் பள்ளம் வெட்ட வேண்டும். வண்டலூர் அந்த முறையைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது. இங்கே புலியைப் பார்க்க நிற்பவர்களுக்கும் புலிக்கும் நடுவில் பள்ளம் இருக்கிறது, சில இடங்களில் அதில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. புலி பல நேரம் கண்ணுக்கே தெரியாது. புதருக்குப் பின்னால் நிழலில் கிடக்கும். பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். புலி தனக்கு வேண்டாதபோது மறைந்துகொள்ள முடிகிறது என்பதுதான் அது பெற்ற பெரிய லாபம். பீப்பிள்ஸ் பார்க்கில் அதற்கு அந்த வசதி ஒரு நாளும் கிடைத்ததில்லை.

ஒரு பெரிய விலங்கை இடம் மாற்றுவது எளிய வேலை இல்லை. வண்டியில் ஏற்றும் நாளுக்கு ரொம்ப முன்பே வேலை ஆரம்பித்துவிடும். பயணக் கூண்டைக் கொண்டுவந்து, விலங்கு இருக்கும் கூண்டின் கதவோடு ஒட்டி நிறுத்துவார்கள். இரண்டு கதவையும் திறந்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். முதல் நாள் விலங்கு கிட்டேயே வராது. இரையைப் பயணக் கூண்டின் வாசலில் வைப்பார்கள், பிறகு கொஞ்சம் உள்ளே, பிறகு இன்னும் உள்ளே. பசி ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம். சில நாட்களில் தலையை நுழைத்து இறைச்சியைக் கவ்விக்கொண்டு வெளியே ஓடும். பிறகு உள்ளேயே நின்று தின்னும். அது பழகிவிட்டது என்று பராமரிப்பாளருக்கு உறுதியான அன்று கதவு இறங்கும். அந்த நேரத்தில் தினமும் சோறு போட்டவர் பக்கத்தில் நின்று பெயர் சொல்லிப் பேச வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்னால் வண்டி கிளம்பிவிட வேண்டும். மான்கள் வேறு கதை. பயத்திலேயே நெஞ்சு வெடித்துச் செத்துப்போகும் இனம் அது. இருட்டில், சத்தமில்லாமல், பக்கம் மூடிய வண்டியில் கொண்டுபோக வேண்டும். இத்தனை கவனமும் யாருடைய பெயரும் பொறிக்கப்படாத வேலையாட்களின் கைகளில் இருந்தது.

1985 ஜூலை 24-ஆம் தேதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்து வைத்தார். அதே வருஷம் மே 30-ஆம் தேதி பழைய இடத்துக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் தீப்பற்றி எரிந்து போயிருந்தது. இரண்டு மாத இடைவெளிக்குள் பட்டணம் பார்க்க வருபவர்களின் இரண்டு பெரிய இடங்கள் சென்ட்ரல் பக்கத்திலிருந்து மறைந்தன. மார்க்கெட் நின்ற இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. சைதாப்பேட்டைக்குத் தெற்கே எப்போதாவது வந்தவர்களுக்கு வண்டலூர் என்பது அன்று ஒரு தொலைதூர ஊர். 30 கிலோமீட்டர். இவ்வளவு தூரம் யார் வரப் போகிறார்கள் என்றுதான் பலரும் கேட்டார்கள்.

அப்போது இந்தக் காடு காடாகவே இல்லை. முள்ளும் புதரும் பாறையுமாக இருந்த குன்றுச் சரிவு. பூங்காப் பணியாளர்களும் சுற்றுப்புறக் கிராமத்து ஜனங்களும் சேர்ந்து மரக்கன்றுகளை நட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அது என்னவாக ஆயிற்று என்று அறிய உள்ளே போக வேண்டியதில்லை. பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் நின்று குன்றுகளைப் பாருங்கள். அவையும் வண்டலூர்க் குன்றைப் போன்ற பழைய கருங்கல் குன்றுகள்தான். நகரத்துக்குச் சாலை போடவும் வீடு கட்டவும் அவற்றை வெடிவைத்து உடைத்து ஜல்லியாக்கி, குவாரிப் பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் நிற்க விட்டிருக்கிறோம். பிறகு நெடுங்குன்றத்திலோ கொளப்பாக்கத்திலோ மொட்டை மாடியில் ஏறி வண்டலூர்ப் பக்கம் பாருங்கள். அடுக்குமாடிகள் நெருக்கிக்கொண்டு வந்து, மதில் சுவரில் நின்றுவிட்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் மரங்கள்.

என் வாதம் இதுதான்: விலங்குகளைக் காப்பாற்ற இந்தக் காட்டைக் கொடுத்தோம், இந்தக் காட்டைக் காப்பாற்றியது விலங்குகள். வெறும் காப்புக்காடாக மட்டும் இருந்திருந்தால், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய இந்த நிலத்துக்கு இன்றைய விலையில் எத்தனை பொதுத் தேவைகள் முளைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிங்கம் இருக்கும் இடத்தில் பட்டா கேட்க யாருக்கும் கை வருவதில்லை. 2001-இல் மேலும் 92 ஹெக்டேர் சேர்ந்து, பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேராகக் கூடியது. இந்தியாவிலேயே பெரிய மிருகக்காட்சி சாலை என்று இதைச் சொல்கிறார்கள். சேர்த்த அந்த நிலம் மீட்பு மையத்துக்கு. சிங்கம், புலி, கரடி, குரங்கு முதலியவற்றைச் சர்க்கஸில் பழக்கக் கூடாது என்ற அரசின் தடையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்த காலம் அது. வளையத்துக்குள் தாவிப் பழகிய சிங்கங்கள் வேலையிழந்து போக்கிடம் இல்லாமல் நின்றன. அப்படிப்பட்டவற்றுக்கு மிச்ச வாழ்நாளைக் கழிக்கக் கிடைத்த இடங்களில் வண்டலூரும் ஒன்று.

கூண்டு கூண்டுதான் என்று சொல்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். அகழி எத்தனை அகலமாக இருந்தாலும் புலி ஒரு காட்டின் அரசனாக அங்கே இல்லை. ஆனால் சர்க்கஸிலிருந்து வந்த சிங்கத்தையோ கடத்தல்காரன் பெட்டியிலிருந்து எடுத்த ஆமையையோ நேராகக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிட முடியாது. அவற்றுக்கும் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் பெரியதாகவும் நிழலாகவும் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பூங்காவுக்குள் ஓட்டேரி ஏரி இருக்கிறது. மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் கார்த்திகை, மார்கழியில் போனால் நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் கிளைகளை நிறைத்திருக்கும். இவற்றுக்குக் கூண்டு கிடையாது, பதிவேட்டில் எண்ணும் கிடையாது, தாமாக வந்தவை. மழை பொய்த்த சில கோடைகளில் ஏரி வறண்டு தரை பிளந்தது. பறவைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் சரிவுகளையும் கால்வாய்களையும் மதிலுக்கு வெளியே வீடு கட்டும் நாமும் சேர்ந்து பாதுகாத்தால் ஒழிய, உள்ளே எத்தனை தூர் வாரினாலும் ஏரி நிறையாது.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே பகலில் சாய்ந்தன. முப்பது வருஷ நிழல் போயிற்று. பூங்காவை வாரக்கணக்கில் மூடி வைத்து மரம் அறுத்தார்கள், மறுபடி நட்டார்கள். ஐந்து வருஷம் தாண்டுவதற்குள் இன்னொரு அடி. 2021 மே கடைசியில் சிங்கங்களுக்கு மூக்கொழுகியது, இருமின, இரையை ஒதுக்கின. பராமரிப்பாளர்கள் மாதிரி எடுத்து போபாலில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வந்த விடை கொரோனா, அதுவும் டெல்டா வகை. ஜூன் 3-ஆம் தேதி நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. இரண்டு வாரத்துக்குள் ஓர் ஆண் சிங்கமும் போனது. மனிதர்களுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காத நாட்கள் அவை. அந்த நேரத்தில், பாதுகாப்பு உடையைப் போட்டுக்கொண்டு சிங்கத்துக்கு மருந்து கலந்த இரை கொடுத்தவர்களைப் பற்றி அதிகம் யாரும் எழுதவில்லை.

எங்கள் தெருவில் விடியற்காலையில் பால்காரர் வரும் நேரம் சிங்கம் கர்ஜிப்பது கேட்கும். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் தெளிவாகவே கேட்கும். நீண்டு, அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கடைசியில் சின்னச் சின்னதாக உடையும். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரம் திடுக்கிட்டு எழுவார்கள். பிறகு பழகிவிடும். கொரோனா வந்த அந்த ஜூனில் பக்கத்து வீட்டு அக்கா காலையில் வாசல் தெளிக்கும்போது கேட்டார்: "நேத்து ராத்திரி சத்தம் கேட்டுச்சா தம்பி? ரெண்டு நாளா ஒண்ணும் கேக்கலியே." எல்லோருக்கும் அதே கவலைதான் இருந்தது.

காணும் பொங்கலன்று வண்டலூரை வந்து பார்க்க வேண்டும். விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். தூக்குவாளியில் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், கரும்பு, விரிக்க ஒரு ஜமுக்காளம். மணலி, திருவள்ளூர், காஞ்சிபுரம், மதுராந்தகம் என்று எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாக வருவார்கள். கூட்டத்தில் பிள்ளைகள் தொலையாமல் இருக்கக் கையில் பெற்றோரின் செல்போன் எண்ணைக் கட்டிவிடுவார்கள். யார் வரப் போகிறார்கள் என்று 1985-இல் கேட்டவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டியதில்லை. அன்று மட்டும் விலங்குகளுக்குச் சிரமம்தான், சத்தம் அதிகம். அகழி இருக்கும் இடத்தில் அவை பின்னால் போய்ப் படுத்துக்கொள்கின்றன. பறவைக் கூண்டுகளுக்கு முன்னால் கொஞ்சம் மெல்லப் பேசுங்கள் என்று நாமே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம்.

இப்போது ஒரு புது விஷயம் நடந்திருக்கிறது. வெளியூர் பஸ்கள் ஒரு காலத்தில் பாரிமுனையில் வந்து நின்றன. 2002-இல் கோயம்பேட்டுக்குப் போயின. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறந்தது. தென் மாவட்டங்களிலிருந்து வரும் பஸ்களுக்கு அதுதான் கடைசி நிறுத்தம். வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில், உயிரியல் பூங்காவிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். ஆக, திருநெல்வேலியிலிருந்தோ தேனியிலிருந்தோ பட்டணம் பார்க்க வருகிறவர் விடியற்காலையில் முதலில் கால் வைப்பது வண்டலூர் மண்ணில். 1873-க்குப் பிறகு சென்ட்ரலில் இறங்கியவர்களுக்கு உயிர் காலேஜ் எதிரே இருந்ததுபோல, தெற்கிலிருந்து வருபவர்களுக்கு அது மறுபடியும் வாசலிலேயே இருக்கிறது.

போன வருஷம் கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து வந்த என் பெரியம்மாவைக் கிளாம்பாக்கத்தில் போய் அழைத்து வந்தேன். வழியில் பூங்கா வாசலைக் காட்டினேன்.

"இதுவா உயிர் காலேஜு? அது சென்ட்ரல் டேசன்கிட்ட இல்ல இருந்துச்சு?"

"எடுத்துட்டாங்க பெரியம்மா. நாப்பது வருசம் ஆச்சு."

"நான் கல்யாணமான புதுசுல உங்க பெரியப்பா அங்கதான் கூட்டிட்டுப் போனாரு. கூண்டு ரொம்ப குறுகலு. அந்தப் புலி பாவம், திரும்பக்கூட இடமில்லாம நிக்கும்." கொஞ்சம் எட்டிப் பார்த்தார். "இங்க எடம் நெறைய இருக்கா?"

இருக்கிறது என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

வண்டலூரிலிருந்து சென்னைக்குப் போகும் ரயில் பாதையில்தான் இந்த விலங்குகளின் மூன்று வீடுகளும் இருக்கின்றன. பட்டணம் பார்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. காலையில் கேட் திறந்ததும் உயிரியல் பூங்காவுக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறிய பிறகு போனால் பூனை இனங்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும். மதியம் வெளியே வந்து வண்டலூர் ஸ்டேஷனில் பீச் போகும் மின்சார ரயிலில் ஏறுங்கள். எழும்பூரில் இறங்கினால் பாந்தியன் சாலை பக்கம்தான். பால்ஃபர் முந்நூறு விலங்குகளை வைத்திருந்த அந்த வளாகத்தில் இன்று அமராவதிச் சிற்பங்களும் திருவாலங்காட்டு நடராஜரும் இருக்கிறார்கள். விலங்கியல் பகுதியில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்காமல் வராதீர்கள். திரும்ப ரயிலேறி அடுத்த ஸ்டேஷனான பார்க்கில் இறங்கி, ரிப்பன் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால் பீப்பிள்ஸ் பார்க்கில் மிச்சமிருக்கும் மரங்களையும் எண்ணிவிடலாம். அங்கிருந்து கோட்டை, அதற்கப்புறம் பீச். கிளம்பும் நாளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை.